தண்ணீர் போகும் பக்கம்

பள்ளிக்கூடத்துக் கிணற்றடியில் விடிந்தது தொட்டு வாளிகள் வரிசைக்கு நின்றன. பிளாஸ்டிக் வாளி, பெயின்ற் பேணி, கைப்பிடி கழன்ற அலுமினியப் பானை, குழந்தை குளிக்கிற பேசின். அறுபத்திரண்டு அகதிக் குடும்பத்துக்கு ஒரு கிணறு, ஒரு கப்பி, ஒரு கயிறு. அந்த ஒரு கயிறும் முதல்நாள் பின்னேரம் அறுந்து வாளியோடு உள்ளே போய்விட்டது. புதுக்கயிறு போடச் சீவரத்தினத்தைக் கூப்பிட்டிருந்தார்கள்.

சீவரத்தினத்துக்கு ஐம்பத்தினாலு வயது. பண்டத்தரிப்பைச் சுற்றியுள்ள குறிச்சிகளில் பாதிக் கிணறு அவன் வெட்டியது. மீதி அவன் தகப்பன் வெட்டியது. கல்லுடைத்து உடைத்து வலது தோள் இடது தோளைவிட ஒரு விரற்கடை பதிந்து போயிருந்தது. கிணற்றுக் கட்டில் ஏறி நின்று கப்பியில் கயிற்றைக் கோத்தான். கொளுக்கி ஒன்றை இறக்கித் துழாவி, விழுந்த வாளியையும் மேலே எடுத்தான். அவன் இறங்கி வியர்வையைத் துடைக்கும்போது கத்தரீனா ஒரு பேணியில் தண்ணீரும் உள்ளங்கையில் ஒரு துண்டு பனங்கட்டியுமாக வந்து நின்றாள். கத்தரீனா மயிலிட்டிக் கரையிலிருந்து ஓடிவந்தவள். புருசன் விட்டுவந்த வள்ளத்து எஞ்சினை எடுத்து வாறன் என்று திரும்பிப் போய் நாலு மாதம், ஆள் வரவில்லை.

“வேர்த்துக் கொட்டுது அண்ணை. இந்தாங்கோ, ஒரு வாய் குடியுங்கோ.”

சீவரத்தினம் பனங்கட்டியை வாங்கினான். பேணிக்குள் பார்த்தான். தண்ணீர் கண்ணாடி மாதிரித்தான் இருந்தது.

“வேண்டாம் பிள்ளை. தாகமில்லை.”

“உந்த வெய்யிலுக்கை நிண்டிட்டுத் தாகமில்லையோ?”

அவன் முகத்தைத் திருப்பினான். கத்தரீனாவின் நீட்டிய கை மெல்லக் கீழே இறங்கியது.

“ஓ… விளங்குது. எங்கடை கையாலை குடிக்கமாட்டியள். கரையிலை இருக்கேக்கை எங்கடை மீன் எல்லாருக்கும் இனிச்சது. இஞ்சை வந்தாப்போலை எங்கடை தண்ணி நாறுது, என்ன? ஊரவை அப்பிடியெண்டால் பரவாயில்லை. நீங்களும் அந்தக் கூட்டமெண்டு நான் நினைக்கேல்லை அண்ணை.”

சீவரத்தினம் வேலை செய்த வீட்டு வளவுகளில் எல்லாம் அவனுக்குத் தேத்தண்ணீர் கொல்லைப்புறத்தில் சிரட்டையில்தான் வந்தது. மற்றவனுடைய கையில் அருவருப்புப் படுவது என்னவென்று அந்த ஊரில் அவனைவிட நன்றாக அறிந்தவன் இல்லை. ‘பிள்ளை, அது காரணமில்லை’ என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த சொல்லும் சொல்ல வேண்டும். அந்த அடுத்த சொல்லுக்குப் பயந்து, சாதி பார்க்கிறவன் என்ற பேரை வாங்கிக்கொண்டு பேசாமல் நின்றான்.

“அம்மா, மாமாக்குத் தண்ணி பிடிக்காதாக்கும். எனக்குத் தாங்கோ.”

கத்தரீனாவின் மகள் மரியறோஸ், ஏழு வயது, முன்பல் இரண்டும் விழுந்த பிள்ளை. பேணியைப் பறித்து அண்ணாந்து குடித்தாள். தொண்டை மேலும் கீழும் போய்வந்தது. கடைசித் துளிவரை குடித்துவிட்டு, வாயைப் புறங்கையால் துடைத்து அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

சீவரத்தினம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு கல் குத்துகிற அலவாங்கையும் கொளுக்கியையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய்விட்டான்.

அவனுக்குத் தெரிந்தது இதுதான்.

தொண்ணூறாம் ஆண்டு ஆனியில் சண்டை மறுபடி மூண்டதும் மயிலிட்டிச் சனம் உடுத்த உடுப்போடு இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தது. ஊர் முதற்கிழமை சோற்றுப் பார்சல் கொடுத்தது. இரண்டாம் கிழமை பழஞ்சீலை கொடுத்தது. மூன்றாம் கிழமை வீட்டுப் படலைகளைப் பூட்டியது. பள்ளிக்கூடத்தில் இருந்த இரண்டு கக்கூசும் பத்து நாளில் நிரம்பி வழிய, சனம் விடியமுன்னம் பின்னாலிருந்த பனங்காணிக்குள் ஒதுங்கத் தொடங்கியது. காணி தியாகராசாவினுடையது. ஊரிலே பெரிய புகையிலைக் கமக்காரர். சனசமூக நிலையத்துத் தலைவரும் அவர்தான்.

“சீவரத்தினம், உதுகள் என்ரை காணியை நாறடிக்குதுகள். ஒரு குழி வெட்டிக் குடு” என்றார்.

“வெட்டலாம் ஐயா. மூண்டடிக்குக் கீழை முழுக்கல். வெடி வைக்காமல் இறங்கேலாது. இந்தக் காலத்திலை வெடிமருந்தெண்டு வாயாலை சொல்லேலுமே? அலவாங்காலை குத்தினால் மாசி வரைக்கும் குத்தோணும். வெட்டினாலும் உள்ளுக்குக் கட்டச் சீமெந்து?”

சீமெந்து, மண்ணெண்ணெய், சவர்க்காரம், பற்றறி எதுவும் பொருளாதாரத் தடையால் குடாநாட்டுக்குள் ஒழுங்காக வராத காலம். தியாகராசா தாடையைத் தடவினார்.

“காணிக்குள்ளை அந்தப் பாழ்கிணறு சும்மாதானே கிடக்கு? மேலை பனங்குத்தியைப் போட்டுச் சுத்திக் கிடுகாலை அடைச்சு விடு. இருவத்தஞ்சடி. லேசிலை நிரம்பாது.”

சீவரத்தினம் தலையைச் சொறிந்தான். தியாகராசா ஒரேயொரு கேள்விதான் கேட்டார்.

“உது என்ரை கிணத்துக்கு வராதே?”

“வராதையா. உங்கடை கிணறு மேட்டுப் பக்கம். தண்ணி அங்காலைப் பக்கம்தான் இழுக்கும்.”

“அப்பச் சரி. வரேக்கை போத்தல் ஒண்டு கொண்டு வா, மண்ணெண்ணெய் தாறன்.”

அங்காலைப் பக்கம் எண்பது யார் தூரத்தில் பள்ளிக்கூடத்துக் கிணறு இருந்தது.

பதினொரு வருசத்துக்கு முந்தி ஒரு கோடைக்காலம், அந்தப் பாழ்கிணற்றை இன்னும் ஆழமாக்க இறங்கியவன் அவனேதான். கல்லைப் பிளந்தபோது ஒரு ஆள் ஊர்ந்து போகக்கூடிய பொந்து ஒன்று பக்கவாட்டில் திறந்தது. குளிர்க்காற்று முகத்தில் அடித்தது. பிறகு பிள்ளைகளின் குரல் கேட்டது. பக்கத்தில் நின்று கதைப்பதுபோல, ஒருத்தியை ஒருத்தி ஏசி, சிரித்து, வாளியை மடாரென்று தண்ணீரில் போட்டு. பேய் பிசாசென்று பயந்து அரைவாசிக் கயிறு ஏறிய பிறகுதான் அவனுக்கு விளங்கியது. பள்ளிக்கூடத்துக் கிணற்றில் தண்ணீர் அள்ளும் பிள்ளைகள்! கல்லுக்குள்ளால் வழி இருக்கிறது. இந்தக் கிணற்றில் போட்டது அந்தக் கிணற்றில் எழும்பும். அடுத்த மாரியில் சுவர் இடிந்து அந்தக் கிணறு கைவிடப்பட்டது. தியாகராசா வீட்டோடு புதுக்கிணறு வெட்டுவித்தார்.

இவ்வளவும் தெரிந்துகொண்டுதான் சீவரத்தினம் பனங்குத்திகளை உருட்டிப் போட்டான். மண்ணெண்ணெய்க்கு ஆசைப்பட்டானா, தியாகராசாவுக்குப் பயந்தானா, வேறு வழியில்லை என்று நினைத்தானா என்று கேட்டால் அவனுக்கே பதில் தெரியாது. வேலை சொன்னார்கள், செய்தான். கேட்டதற்குப் பதில் சொன்னான், கேளாததைச் சொல்லவில்லை. காலம் முழுக்க அவன் பிழைத்த முறை அதுதான்.

கயிறு மாற்றிய கையோடு கார்த்திகை மழை தொடங்கி இடைவிடாமல் பெய்தது. பாழ்கிணற்றில் தண்ணீர் எழும்பிப் பனங்குத்திக்கு நாலு முழம் கீழே நின்றது. பள்ளிக்கூடத்தில் காய்ச்சல் தொடங்கியது. ஆகவும் முதல் ஒரு கிழவர் போனார். வயது போன மனிதர், போகிற காலம் என்றார்கள். பிறகு கைக்குழந்தை ஒன்று வயிற்றோட்டத்தில் போனது. பிறகு ஒரு வகுப்பறையில் ஏழு பேர், அடுத்த வகுப்பறையில் பதினொரு பேர் பாயில் விழுந்தார்கள். நெருப்புக்காய்ச்சல், தைபோயிட் என்று மியூரியல் மிஸ்ஸி சொன்னார். மிஷன் ஆசுப்பத்திரியில் முப்பது வருசம் தாதியாக இருந்து ஓய்வெடுத்த மனுசி. குடையும் தோற்பையுமாகத் தினம் நடந்து வந்து பாய் பாயாகப் பார்த்தார்.

“தண்ணியைக் கொதிக்க வைச்சுக் குடியுங்கோ எண்டு எத்தினை தரம் சொல்லுறது?”

“விறகு எங்கை மிஸ்ஸி? வேலிக் கதியாலை முறிச்சால் ஊர்ச்சனம் அடிக்க வருகுது. கதிரை மேசையை எரிக்கச் சொல்லுறியளோ?”

மிஸ்ஸியிடம் அதற்குப் பதில் இருக்கவில்லை.

பதில் எல்லாம் ஊரிடம் இருந்தது. “உதுகள் துப்பரவில்லாததுகள். கடற்கரையிலை மணலுக்கை இருந்து பழகினதுகள். வருத்தத்தையும் மூட்டையிலை கட்டிக்கொண்டு வந்திட்டுதுகள்” என்று தேத்தண்ணிக் கடையில் கதைத்தார்கள். பள்ளிக்கூடத்துக்குப் போகிற ஒழுங்கையில் முள்ளுக்கட்டை இழுத்து வைத்தார்கள். பள்ளிக்கூடத்தை விட்டு இவர்களை எழுப்பவேண்டும் என்று சனசமூக நிலையத்தில் கடிதம் எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். தியாகராசாவின் கையெழுத்து முதலாவதாக இருந்தது.

செத்தவர்களுக்குக் குழி வெட்டவும் சீவரத்தினத்தைத்தான் கூப்பிட்டார்கள். சவக்காலையில் முழங்கால் ஆழத்துக்குக் கீழே கல். கைக்குழந்தைக்கு அது போதும். அலவாங்கு கல்லில் படும்போதெல்லாம் அடியிலிருந்து யாரோ வாளி போடுகிற சத்தம் அவனுக்குக் கேட்டது. நிறுத்திக் காது கொடுத்தான். ஒன்றுமில்லை. மறுபடி குத்தினான். மறுபடி கேட்டது. வீட்டில் நட்டநடு மத்தியானம் செம்பில் தண்ணீர் வார்த்தால் அதற்குள் பிள்ளைகளின் சிரிப்பு. தெருவில் மழைவெள்ளம் சுழித்து ஓடினால் அதற்குள்ளும் சிரிப்பு. சோறு இறங்கவில்லை. பெண்சாதி பூரணம் கேட்டதற்கு, மழைக்குளிர் என்றான்.

கயிறு மாற்றி மூன்றாம் கிழமை, கத்தரீனா அவன் வீட்டுப் படலையில் வந்து நின்றாள். தலை விரிந்து கிடந்தது.

“அண்ணை, என்ரை பிள்ளைக்கு ஒன்பது நாளாக் காய்ச்சல். அந்தக் கிணத்துத் தண்ணியைக் குடுத்தால் சத்தி எடுக்கிறாள். தியாகராசா ஐயா வீட்டிலை ஒரு வாளி கேட்டன். அவரின்ரை மனுசி உள்ளுக்கை நிண்டு பாத்தா, படலை திறக்கேல்லை. என்ரை கை உங்களுக்கு ஆகாதெண்டு தெரியும். பிள்ளை என்ன செய்தவள்? ஒரு வாளி தாங்கோ.”

சீவரத்தினம் தன் குறிச்சிக் கிணற்றில் இரண்டு கலன் நிறைய அள்ளிச் சைக்கிளின் இரண்டு பக்கமும் கட்டி, அரைமைல் தூரம் உருட்டிக்கொண்டு போனான். அடுத்த நாளும் போனான். அதற்கடுத்த நாளும். மரியறோஸ் வகுப்பறைச் சுவரோரம் பாயில் கிடந்தாள். கண் பாதி திறந்திருந்தது. ஆளை அடையாளம் தெரியவில்லை. உதடு வெடித்து, நாக்கில் வெள்ளை படிந்து, சும்மா எதையோ முணுமுணுத்தபடி போர்வை நூலைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

நாலாம் நாள் மியூரியல் மிஸ்ஸி அவனை வாசலில் மறித்தார்.

“சீவரத்தினம், இஞ்சை கிணறு நிறையத் தண்ணி கிடக்கு. நீர் ஏன் அரைமைல் தள்ளியிருந்து கொண்டு வாறீர்?”

“சும்மா மிஸ்ஸி… பிள்ளைக்கு மாத்துத் தண்ணி…”

“கிணத்துக்காரன் சும்மா தண்ணி சுமக்கமாட்டான். எனக்கு அறுபத்தெட்டு வயது, பொய்யைக் காய்ச்சல் மாதிரித் தொட்டுப் பாத்தே சொல்லுவன். உமக்கு என்ன தெரியும்? சொல்லும்!”

சைக்கிளைச் சுவரில் சாத்தக்கூட மறந்து அவன் அப்படியே தரையில் குந்தினான். சைக்கிள் விழுந்து தண்ணீர் எல்லாம் ஊற்றுண்டு போனது. பொந்தையும், பிள்ளைகளின் குரலையும், தியாகராசாவின் கேள்வியையும், தன் பதிலையும் ஒன்றொன்றாகச் சொன்னான். முடிந்ததும் மிஸ்ஸி குடையை ஊன்றிக்கொண்டு நின்று, “இண்டைக்கே அந்தக் கிடுகைப் பிரிச்செறி. ஒருத்தரும் அங்கை போகப்படாது. ஆனால் வாயாலை சொன்னால் தியாகராசா நம்பமாட்டான், ஊரும் நம்பாது. சனத்திலைதான் பிழையெண்டு எழுப்பிக் கலைச்சுப்போடுவாங்கள். கண்ணாலை காட்டோணும்” என்றார். கோபத்தில் மரியாதை ‘நீ’க்கு இறங்கிவிட்டதை இருவருமே கவனிக்கவில்லை.

காட்டுவதற்கு ஒரு வழி சீவரத்தினத்துக்குத் தெரியும். பூரணம் பனையோலைப் பெட்டி இழைக்கிறவள். ஓலைக்குப் போடுகிற சிவப்புச் சாயம் ஒரு பெரிய பொட்டலம் பரணில் பத்திரமாக இருந்தது. தடைக்காலத்தில் கிடைத்தற்கரிய சாமான்.

“உதைத் தா.”

“என்னத்துக்கு? அது முடிஞ்சால் நான் எங்கை போய் வாங்குறது?”

அவன் சொன்னான். பூரணம் இழைத்துக்கொண்டிருந்த ஓலையைக் கீழே வைத்தாள்.

“உங்களுக்கு எப்ப தெரியும்?”

“ஆடியிலை.”

“ஆடியிலையோ? இப்ப கார்த்திகை முடியுது.” பொட்டலத்தை எடுத்து அவன் காலடியில் வைத்தாள். “எத்தினை பேர் செத்துப்போட்டினம்?”

“அஞ்சு.”

அதற்குப் பிறகு அவள் அவனோடு மூன்று நாள் கதைக்கவில்லை.

சாயத்தைக் கொதிநீரில் கரைத்து, இரண்டு கலனில் கொண்டுபோய்ப் பாழ்கிணற்றில் மத்தியானம் ஊற்றினான். மறுநாள் காலை பத்துமணிபோலப் பள்ளிக்கூடத்துக் கிணற்றில் முதல் வாளி இளஞ்சிவப்பாக வந்தது. அள்ளியவள் வாளியைப் போட்டுவிட்டுக் கத்தினாள். அடுத்த வாளி இன்னும் சிவப்பு. மிஸ்ஸி ஆளனுப்பித் தியாகராசாவையும் ஊரவர்களையும் வரவழைத்தார். முள்ளுக்கட்டைத் தாண்டி அவர்கள் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்தது நாலு மாதத்தில் அன்றைக்குத்தான்.

தியாகராசா வாளிக்குள் பார்த்தார். ஒரு சின்ன முகச்சுளிப்பு. பிறகு, “என்ரை கிணத்தை விடியவும் பாத்தனான். அதிலை சிவப்பு இல்லையே. அப்ப என்னிலை என்ன குற்றம்?” என்றார்.

“சிவப்பு வரேல்லை எண்டதுதான் உங்கடை குற்றம்” என்றார் மிஸ்ஸி. “உங்கடை கிணத்துக்கு வராத பக்கம் பாத்துத்தானே குழி குடுத்தனீங்கள்? அது எங்கை போகுமெண்டு கேட்டனீங்களோ?”

“எனக்கென்ன தெரியும்? கிணறு வெட்டுறவன் இவன். இவன்தான் சொல்லியிருக்கோணும்!”

எல்லாருடைய முகமும் சீவரத்தினத்தின் பக்கம் திரும்பியது. இந்த இடத்தில் தலையைக் குனிந்து, ‘தெரியாமல் செய்துபோட்டன் ஐயா’ என்றால் தப்பலாம். தெரியாதென்று சொல்கிற கூலிக்காரனை எல்லாரும் நம்புவார்கள்.

“ஓமையா. நான் சொல்லியிருக்கோணும்” என்றான். “எனக்குத் தெரியும். குத்தி போடேக்கை தெரியும். கிழவர் சாகேக்கை தெரியும். பிள்ளைக்குக் கிடங்கு வெட்டேக்கையும் தெரியும். நீங்கள் கேக்கேல்லை எண்டு நான் சொல்லேல்லை. நான் சொல்லேல்லை எண்டு நீங்கள் கேக்கேல்லை. நாங்கள் ரெண்டுபேரும் சேந்துதான் செய்தனாங்கள்.”

யாரோ ஒருவன் கூட்டத்திலிருந்து பாய்ந்து அவன் கன்னத்தில் அறைந்தான். கைக்குழந்தையின் தகப்பன். சீவரத்தினம் கையை உயர்த்தவில்லை. இரண்டாவது அடிக்கும் அப்படியே நின்றான்.

தியாகராசா வீட்டுக்குப் போனார். அன்று பின்னேரம் அவர் படலையில் பூட்டு இருக்கவில்லை. கழற்றினது அவரா, அவர் மனைவி மீனாம்பிகையா என்று ஒருவரும் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்துச் சனம் வாளியோடு வரிசையில் போனது. “கயிறு நீங்கள் கொண்டு வாங்கோ” என்று உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. அதைப் பார்த்து இன்னும் இரண்டு மூன்று வீடுகள் திறந்தன. சீவரத்தினமும் ஊர்ப் பெடியள் ஐந்து பேரும் மேட்டிலிருந்து தள்ளிக் கடற்பக்கமாக, கிணறே இல்லாத தரிசில் மண் கொட்டி உயர்த்திப் புதுக்கக்கூசு நாலு போட்டார்கள். கல்லில் இறங்காமல் மேலே உயர்த்தலாம் என்ற யோசனை ஆடியிலும் இருந்ததுதான். வேலை கூட என்று விட்டிருந்தான்.

புதிதாகக் காய்ச்சல் விழுவது இரண்டு மூன்று கிழமையில் குறைந்தது. ஏற்கெனவே விழுந்தவர்களில் பெரும்பாலோர் எழும்பினார்கள்.

மரியறோஸ் எழும்பவில்லை. மிஷன் ஆசுப்பத்திரிக்குச் சொல்லி எடுப்பித்த மருந்து வந்த அன்றைக்கு அவளுடைய குடல் ஓட்டையாகிவிட்டது என்று மிஸ்ஸி சொன்னார். மறுநாள் போனாள்.

கிடங்கு வெட்டச் சீவரத்தினத்தை யாரும் கூப்பிடவில்லை. அவனாகவே போனான். இந்தமுறை முழங்கால் ஆழத்தோடு நிறுத்தவில்லை. மழைக்குள் நின்று, பொழுது சாய்கிறவரை கல்லைக் குத்திக் குத்தி இடுப்பளவுக்கு இறக்கினான். அடியில் சத்தம் கேட்டபடியே இருந்தது. அதை நிறுத்தும்படி அவன் யாரிடமும் கேட்கவில்லை.

எல்லாரும் போன பிறகு கத்தரீனா மண்மேட்டுக்குப் பக்கத்தில் இருந்தாள். அவன் தள்ளி நின்றான்.

“பிள்ளை… அண்டைக்கு நான் தண்ணி குடியாதது…”

“தெரியும். மிஸ்ஸி சொன்னவ.” அவள் திரும்பிப் பார்க்கவில்லை. “நீங்கள் சாதி பாக்கிறீங்கள் எண்டு நினைச்சு மூண்டு கிழமை மனசுக்கை திட்டினன். அது அப்பிடியே இருந்திருக்கலாம் அண்ணை. இது அதைவிடக் கேவலம். உங்கடை வாய்க்கு ஆகாத தண்ணியை என்ரை பிள்ளை குடிக்கப் பாத்துக்கொண்டு நிண்டனீங்கள்.”

“என்னை மன்னிச்சுக்கொள்ளு எண்டு கேக்க எனக்கு வாயில்லை.”

“கேளாதேங்கோ. நான் மன்னிக்கமாட்டன்.” சீலைத்தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பினாள். “ஆனா ஒண்டு சொல்லுறன், கேட்டுக்கொண்டு போங்கோ. தீவுப்பக்கத்துச் சனமும் எழும்பி வருகுதாம். நாளைக்கு இந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடம் எல்லாம் எங்களை மாதிரிச் சனம்தான் கிடக்கப்போகுது. ஊர் திரும்பவும் உதுகள் ஊத்தை, வருத்தத்தைக் கொண்டு வந்திட்டுதுகள் எண்டு சொல்லும். நாங்கள் வருத்தத்தைக் கொண்டு வரேல்லை அண்ணை. வெறுங்கையோடை வந்தனாங்கள். நீங்கள் தந்த இடத்திலை இருந்தம், நீங்கள் விட்ட தண்ணியைக் குடிச்சம், அதாலை செத்தம். வீடில்லாத சனத்துக்கு இடம் குடுக்கிறவன், தன்ரை பிள்ளையை அங்கை இருத்துவனோ எண்டு தன்னைக் கேட்டிட்டுக் குடுக்கோணும். இருத்தமாட்டன் எண்டு தெரிஞ்சுகொண்டு பேசாமல் இருக்கிறவன், கொலைகாரன்தான். இதை எங்கை சனம் வந்து இறங்குதோ அங்கை போய், உங்கடை வாயாலை, உங்கடை பேரைச் சொல்லிச் சொல்லுங்கோ.”